பஞ்சு துடைத்த பிராசஸர்கள்

கம்ப்யூட்டர் பிராசஸரைத் துடைக்கப் பஞ்சு கூடவே கூடாது என்று அந்தக் கட்டடத்தில் முதன்முதலாகச் சொன்னவளின் பெயர் பஞ்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. பஞ்சு என்பது இரண்டாம் மாடி அழகு நிலையத்தில் அவளுக்குக் கிடைத்த பட்டம். பதினோரு வருஷம் அங்கே அவள் நகம் பார்த்தாள். பார்த்ததில் பாதி, பழைய நகப்பூச்சை எடுக்கிற வேலை. நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பாள். அவர்கள் மாமியாரைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பூச்சு இளகியிருக்கும். ஒரே இழுப்பு. தேய்க்கவே மாட்டாள். தேய்ப்பது பொறுமை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவள் கட்சி.

அழகு நிலையத்தில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மேசைக்கு அடியில், வெட்டிய முடி வந்து குவிகிற மூலையில் அதை வைத்திருந்தார்கள். முடி, பவுடர், ஸ்ப்ரே எல்லாவற்றையும் அது மூச்சாக இழுத்தது. கூட்டமான நேரம் பார்த்து அணைந்துவிடும். அப்போதெல்லாம் முதல் மாடியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிற அண்ணன், காதில் ஸ்க்ரூடிரைவரைச் சொருகிக்கொண்டு ஏறி வருவார்.

அவர் பெட்டியைத் திறப்பதைப் பஞ்சு பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே பிஸ்கட் அளவுக்கு ஒரு சதுரத் தகடு. அதுதான் பிராசஸர். கணக்கெல்லாம் போடுவது அது. போடப் போடச் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கி வெளியே விட அதன் தலைமேல் கூலர் என்று ஓர் உலோகக்கட்டியும் விசிறியும் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு பசை. தெர்மல் பேஸ்ட் என்பார்கள். சூட்டைக் கீழிருந்து மேலே கடத்துவது அதுதான். சில வருஷத்தில் அது காய்ந்து, கோடையில் குளத்து மண் வெடித்த மாதிரி ஆகிவிடும். பிறகு சூடு மேலே ஏறாது. மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

அண்ணன் கூலரைக் கழற்றுவார். காய்ந்த பசையைச் சட்டை நுனியால் ஓர் ஒற்று ஒற்றுவார். மிச்சத்தின் மேலேயே புதுப் பசையைப் பிதுக்கி மூடிவிடுவார். இரண்டு மாசம் ஓடும்.

"அண்ணே, பழைய பாலிஷை எடுக்காம மேல புதுசு பூசினா நாலு நாள்ல உரிஞ்சு வந்துடும்" என்றாள் பஞ்சு ஒருநாள்.

"இது நகம் இல்லம்மா. எலக்ட்ரானிக்ஸ்" என்றார் அண்ணன், ரொம்ப அன்பாக.

அடுத்த முறை அது அணைந்தபோது அண்ணன் வெளியூர் போயிருந்தார். வரிசையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். அழகு நிலையத்து மேடம் பஞ்சைப் பார்த்து, "துடைக்கிறதுதானே விஷயம்? நீதான் துடையேன்" என்றார். பஞ்சு ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கைக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். நகப்பூச்சு ரிமூவரும் பஞ்சும். தகடு பளபளவென்று வந்தது. அண்ணன் விட்டுப்போன பேஸ்ட் குழலில் இருந்து ஒரு துளி வைத்து மூடினாள். பெட்டிக்குள்ளிருந்து ரோஜா வாசனை அடித்தது. பதினோரு நாள் ஓடி, மறுபடி நின்றது.

திறந்து பார்த்தாள். தகட்டின் மேல் அச்சடித்திருந்த எழுத்தில் பாதியைக் காணோம். புதுப் பசைக்குள் பஞ்சு இழைகள், சேமியா மாதிரி. தகட்டை விரலால் தொட்டால் வழவழவென்றிருந்தது. இத்தனை வருஷமாகக் கையில் பிடித்த பாட்டிலின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் படித்தாள். நகம் வறண்டு போகாமலிருக்க எண்ணெய், மணத்துக்கு வாசனை என்று போட்டிருந்தது. நகத்துக்கு அது நல்லதுதான். பிராசஸருக்கு எண்ணெய்க் குளியல் எதற்கு?

மருந்துக் கடைக்காரரிடம் போய், எண்ணெய் இல்லாதது, வாசனை இல்லாதது, துடைத்தால் தானே பறந்துவிடுவது ஒன்று வேண்டும் என்று கேட்டாள். ஊசி போடுகிற இடத்தில் தடவுகிற ஸ்பிரிட்டிலேயே அதிகம் தண்ணீர் கலக்காத ஐசோப்ரொப்பைல் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். இழை உதிராத துணிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கேட்டாள். இந்தத் தடவை துணியைத்தான் நனைத்தாளே தவிர, தகட்டின் மேல் ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுத்தாள். அழுக்கு பட்ட பக்கத்தைத் திரும்ப வைக்கவில்லை. காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பட்டாணி அளவு பசை.

ஒன்றரை வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை.

தன்னைக் கூப்பிடவே இல்லையே என்று அண்ணன் தானாக மேலே ஏறி வந்தார். "என்ன மேடம், வேற ஆள் பாத்துக்கிட்டீங்களா?" மேடம் மூலையைக் காட்டினார். அங்கே பஞ்சு ஓர் அம்மாளின் கால் நகத்தைச் சீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் இறங்கிப் போனார். மறுநாள் டீ தட்டில் வைத்து ஒரு பிராசஸரை மேலே அனுப்பினார். அடுத்த வாரம் இரண்டு, பிறகு நான்கு. வாடிக்கையாளர்களிடம், "இதுக்குன்னு தனியா ஒரு லேப் இருக்குங்க. அங்க குடுத்துதான் சுத்தம் பண்றோம்" என்று சொல்லிவந்தார். பொய் இல்லை. முடி நீக்குகிற இடத்துத் திரைக்குப் பின்னால், முக்காலி மேல் அந்த லேப் இருந்தது.

மேடம் கடையை மூடிவிட்டு மகளோடு வெளிநாடு போனபோது பஞ்சு ஒரு மாடி கீழே இறங்கினாள். அவ்வளவுதான் அவள் தொழில் மாறிய கதை. அண்ணன் ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். புருவ பிரஷ், இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் கூடவே வந்தன. கூட வராதது பஞ்சு மட்டும்தான். மேசைமேல் யாராவது பஞ்சை வைத்தால் எடுத்து வீசிவிடுவாள்.

வீட்டில் இந்தத் தொழிலுக்கு மரியாதை சுமார்தான். அக்காவின் கணவர், அவள் மாமா என்று கூப்பிடுகிறவர், பெரிய அலுவலகம் ஒன்றில் பதினாலு பேருக்குத் தலைவர். கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர் என்று குடும்பத்தில் பெயர். "எல்லாமே இப்ப கிளவுட்லதான்" என்று சொல்லும்போது விரல் தானாகக் கூரையைக் காட்டும். யாராவது பஞ்சைப் பற்றி விசாரித்தால், "அவளும் நம்ம லைன்தான். க்ளீனிங் செக்ஷன்" என்பார். எந்தக் கடை, எந்தத் தெரு என்று எட்டு வருஷத்தில் அவர் கேட்டதில்லை. பஞ்சும் சொன்னதில்லை. கேட்காத காதுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பஞ்சு, ஒரு அவசரம். வீட்டுக்கே வந்து பாக்கணுமாம். நாளைக்குக் காலைல அவருக்குப் பெரிய மீட்டிங் இருக்காம். சீனியர் டெக்னீஷியனைத்தான் அனுப்பணும், கத்துக்குட்டி யாரும் வரக்கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டாரு."

"அப்ப நீங்க போங்கண்ணே."

"எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. அதோட, நெட்ல நம்ம கடையைப் பத்தி எழுதியிருக்கிற நல்ல வார்த்தையெல்லாம் படிச்சுட்டுத்தான் கூப்பிட்டாராம். அதுல பாதி உன்னைப் பத்திதான். அட்ரஸ் அனுப்பறேன்."

முகவரி வந்தது. பஞ்சு அதை இரண்டு தடவை படித்தாள். கதவு எண்ணைக்கூடச் சரிபார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்தது அக்கா. "நீ எங்கடி இந்த நேரத்துல? வா, வா. மாமா ஒரு மாதிரி இருக்காரு, கண்டுக்காத. கம்ப்யூட்டர் ரிப்பேர். பெரிய ஆள் யாரோ வராங்களாம்."

"வந்தாச்சுக்கா" என்றாள் பஞ்சு.

அக்கா அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மாமா ஹாலில், சாப்பாட்டு மேசை முன்னால், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பெட்டி வயிறு பிளந்து கிடந்தது.

"சீனியர் வரலையா?"

"அவருக்கு முதுகு வலி மாமா. அவர் என்னைத்தான் சீனியர்ங்கறாரு. என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகல. லேசா சுத்தம் பண்ணேன், அவ்வளவுதான்."

அந்த லேசான சுத்தம் என்ன என்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மெஷின் காலையிலிருந்து சூடாகிச் சூடாகி அணைந்திருக்கிறது. மாமா ஒரு வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு கூலரை இரண்டு கையாலும் பிடித்து, தேங்காய் மட்டை உரிக்கிற மாதிரி நேராக மேலே இழுத்திருக்கிறார். காய்ந்த பசை கெட்டியாகப் பிடித்திருந்ததால் பிராசஸரும் குழிக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

"மெஷினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பசை இளகின பிறகு ப்ளக்கைப் பிடுங்கிட்டு, இடமும் வலமுமா லேசா திருகி எடுக்கணும் மாமா. நேரா இழுக்கக் கூடாது."

"வீடியோல அந்த இடம் வேகமாப் போயிடுச்சு."

"அப்புறம்?"

"ஒட்டிக்கிட்டு வந்ததைப் பிரிக்கணுமில்ல. கத்தியை நடுவுல விட்டு நெம்பினேன்."

"என் காய் நறுக்குற கத்தி" என்றாள் அக்கா, சமையலறைக்குள்ளிருந்து.

"அப்புறம் கம்பி நார் போட்டுத் தேச்சேன். பாத்திரம் விளக்குற திரவம் ஒரே ஒரு சொட்டுதான்."

"தண்ணில காட்டலையே?"

மாமா மேசையைப் பார்த்தார். "குழாய்ல. சும்மா."

பஞ்சு பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பிலிருக்கிற மின்சாரத்தை இறக்கினாள். பிராசஸரை ஓரங்களில் மட்டும் பிடித்துத் தூக்கி உருப்பெருக்கியில் காட்டினாள். அடிப்பக்கத்தில் மயிர் போன்ற ஊசிக்கால்கள், ஆயிரத்து முந்நூறுக்கு மேல். ஒரு மூலையில் ஆறு கால்கள் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி படுத்திருந்தன. கால்களுக்கு நடுவே பசை அப்பியிருந்தது. அதற்கு நடுவே ஏதோ மினுக்கியது.

"இது என்ன தெரியுதா மாமா? உங்க கம்பி நார். இதுல ஒரே ஒரு இழை ரெண்டு காலுக்குக் குறுக்க கிடந்தாப் போதும். ஸ்விட்சைப் போட்டதும் மொத்தமும் போயிடும்."

"நான் போடப் போனேன். கரண்ட் இல்ல, அதான் போடல" என்றார் மாமா. மின்வாரியத்துக்கு மனிதர்கள் நன்றி சொல்கிற நேரங்கள் குறைவு. அது அப்படி ஒரு நேரம்.

வேலை மூன்று மணி நேரம் பிடித்தது. இடுக்கியால் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு கிண்ணத்தில் ஐசோப்ரொப்பைல் ஊற்றிப் பிராசஸரைப் படுக்கவைத்தாள். அதுபாட்டுக்கு ஊறட்டும் என்று விட்டுவிட்டு அக்காவிடம் அம்மாவின் மூட்டு வலியைப் பற்றிப் பேசினாள். பிறகு புருவ பிரஷால் கால்களின் வரிசை போகிற திசையிலேயே நீவிவிட்டாள். பசை தானாக விட்டது. மேல் தகட்டைத் துணியால் ஒற்றினாள். கத்திக் கீறல்கள் மட்டும் போகவில்லை. அவை ஆழமில்லை, பரவாயில்லை என்றாள்.

மாமா டார்ச் பிடித்தார். பிடித்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் அழுத்தித் துடைக்கலாமே." "இடது பக்கம் இருக்கு பாரு." "ஹேர் டிரையர் கொண்டுவரவா?"

"மாமா, வெளிச்சம் ஆடுது" என்றாள் பஞ்சு. அவர் அதற்குப் பிறகு மூச்சைக்கூட அளந்துவிட்டார்.

சாய்ந்த கால்களை நிமிர்த்துவதுதான் கஷ்டம். குச்சி மாற்றுகிற பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டால் முனையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதைக் காலின் மேல் மாட்டி மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினாள். ஐந்து கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஆறாவது அடியோடு மடங்கியிருந்தது. ஒரு தடவை வளைந்ததை நிமிர்த்தலாம், மறுபடி வளைந்தால் ஒடிந்துவிடும். அவள் உள்ளங்கை வேர்த்தது. பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவி, துடைத்து, வந்து உட்கார்ந்தாள். அக்காவும் மாமாவும் மேசையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கால் நிமிர்ந்தது.

குழிக்குள் வைத்தபோது அவள் அழுத்தவில்லை. பிராசஸர் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. பட்டாணி அளவு பசை, கூலர், குறுக்குக் குறுக்காகத் திருகுகள். அதற்குள் கரண்ட் வந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டார்கள். திரை எரிந்தது. சூடு முப்பத்தெட்டு டிகிரி காட்டியது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் நெனச்சேன். அந்த ஆறு கால்லதான் பிரச்சனைன்னு."

மறுநாள் மீட்டிங் நன்றாக நடந்தது. அண்ணனின் கடைக்கு அவர் எழுதிய விமர்சனமும் வந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். 'வேலை திருப்தி. ஆனால் வாடிக்கையாளர் கூடவே இருந்து வழிகாட்ட வேண்டியிருக்கிறது.'

"ஒரு நட்சத்திரம் எங்க போச்சு?" என்று அண்ணன் விசாரித்தார்.

"அவர்கிட்டயே இருக்கட்டும்ணே. அவருக்குத் தேவைப்படும்" என்றாள் பஞ்சு.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்களால் சில சமயம் நல்லதும் நடக்கும். மாமாவின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு கோப்பு திறப்பதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மேலதிகாரிகள் அதை ஊழியர்களின் மனநிலைக் கோளாறு என்று முடிவுகட்டி, மாமாவை வைத்து மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடத்தியிருந்தார்கள். 'வேகம் மனதில் இருக்கிறது' என்பது வகுப்பின் தலைப்பு. வகுப்பு முடிந்த கையோடு, மெஷின்களையும் ஒருமுறை துடைத்துவிடலாம் என்று யாரோ சொல்ல, "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு இருக்கு. வேலை நான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்று மாமா பஞ்சைக் கூப்பிட்டார்.

மொத்தம் நாற்பத்தாறு மெஷின்கள். முதல் மெஷினின் கூலரைத் திருகி எடுத்த பஞ்சு, அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகத்தில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. புதுக் கூலர் கீறல் படாமலிருக்க ஒட்டி அனுப்புகிற தாள். அதன்மேல், 'பொருத்தும் முன் அகற்றவும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பொருத்தியவர் அகற்றவில்லை. ஐந்து வருஷமாகப் பசை அந்தத் தாளைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. கூலரைத் தொட்டதே இல்லை. சூடு ஏற வழியில்லாமல் பிராசஸர் உயிர் பிழைக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவதைத் திறந்தாள். அதிலும் தாள். ஐந்தாவதிலும் இருந்தது. மாமாவை வரச்சொல்லி ஒரு தாளை உரித்துக் கையில் கொடுத்தாள். அவர் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் வகுப்பில் உட்கார்ந்து நோட்டெடுத்த நாற்பத்தாறு பேரையும் ஒரு கணம் நினைத்திருப்பார் போல. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாத்துலயும் இருக்கா?"

"இதுவரைக்கும் அஞ்சுல அஞ்சு."

"பஞ்சு, இது அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. நாற்பத்தாறிலும் தாள் இருந்தது. அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்த நிர்வாக அதிகாரி பேனாவை எடுத்தார். "இந்தத் தாள் விஷயமெல்லாம் எதுக்கும்மா? இதை வாங்கினதுல நிறையப் பேரோட கையெழுத்து இருக்கு. 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னு மட்டும் போடுங்களேன்." பஞ்சு கொஞ்ச நேரம் யோசித்தாள். சுத்தம் செய்ததும் உண்மைதான். அப்படியே எழுதிக் கொடுத்தாள். ஆனால் அது அவளுக்கு உறுத்தியது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

மெஷின்கள் பறந்தன. வேலைகள் பாதி நேரத்தில் முடிந்தன. காரணம் என்ன என்று மேலதிகாரிகள் ஆராய்ந்தார்கள். அண்மையில் நடந்த முக்கியமான விஷயம் மூன்று நாள் பயிற்சி வகுப்புதான் என்று கண்டுபிடித்தார்கள். மாமாவுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பஞ்சுக்கு, 'தங்கள் துப்புரவுப் பணிக்கு நன்றி' என்று ஒரு கடிதம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா ஹாலில் அம்மாவுக்குக் கேடயத்தைக் காட்டி, வேகம் மனதில் எங்கே இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா மூட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள். பஞ்சு சமையலறையில் அக்காவுக்கு உதவியாக நின்றாள்.

"போன வாரம் அம்மாவைப் பாக்க வந்தப்ப, உன் பையில அம்மாவோட மாத்திரை தேடினேன்" என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடியே. "ஒரு கட்டு பிளாஸ்டிக் தாள் இருந்துச்சு. ஒவ்வொன்னுலயும் ஒரே வாக்கியம்."

பஞ்சு தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"எத்தனை?"

"நாப்பத்தாறுக்கா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. பிறகு பஞ்சுக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"அங்க என்னடி சத்தம்?" என்று அம்மா ஹாலிலிருந்து கேட்டாள்.

"ஒன்னுமில்லம்மா, பால் பொங்கிடுச்சு" என்றாள் அக்கா, அடுப்பை அணைத்துவிட்டு.